சென்னை பெற்று வளர்த்த வரி

ஓட்டலில் இரண்டு இட்லியும் ஒரு காப்பியும் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மேஜைமேல் வைக்கப்படுகிற பில்லைப் பொறுமையாக வாசிக்கும் வழக்கம் உள்ளவர்கள், அதன் அடிப்பாகத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நூற்றுக்கு இரண்டரை, நூற்றுக்கு இரண்டரை என்று இரண்டு வரிகள் இரட்டைப் பிள்ளைகளைப்போல நிற்பதைக் கவனித்திருப்பார்கள். முதலாவது மத்திய சர்க்காருக்கு. இரண்டாவது ராஜ்ய சர்க்காருக்கு. பாகப்பிரிவினை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும், அண்ணனுக்கும் தம்பிக்கும் ஓர் அணா பேதமில்லாமல் பங்கிட்டிருக்கிறார்களே என்று திருப்திப்பட்டுக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். நானும் சில காலம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டாவது இரண்டரையை மூன்றாக உயர்த்தவோ இரண்டாகக் குறைக்கவோ சென்னைக் கோட்டையில் கூடுகிற சட்டசபையால் இன்று நடைமுறையில் இயலாது என்பதும், அந்த வரியின் மூதாதை பிறந்ததே இந்தச் சென்னையில்தான் என்பதும் மனத்தில் பட்ட பிறகு, ஓட்டல் பில் எனக்கு ஓட்டல் பில்லாக மட்டும் தோன்றுவதில்லை.

சமஷ்டி ஆட்சியைப் பற்றி நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லித் தருவது மூன்று ஜாபிதாக்களைத்தான். அரசியல் சாசனம் அமுலுக்கு வந்தபோது மத்திய ஜாபிதாவில் 97 விஷயங்கள், ராஜ்ய ஜாபிதாவில் 66, இருவருக்கும் பொதுவான ஜாபிதாவில் 47 என்று கணக்குச் சொல்லி, யுத்தமும் நாணயமும் டில்லிக்கு, போலீசும் ஆஸ்பத்திரியும் ராஜ்யத்துக்கு என்று உதாரணமும் காட்டிவிட்டால் பாடம் முடிந்தது. இந்த ஜாபிதாக்களை அற்பமென்று ஒதுக்குபவன் அல்லன் நான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் நிறைவேறிய 42-வது திருத்தத்தின் வழியாகக் கல்வியும் காடும் ராஜ்யத்தின் ஏட்டிலிருந்து பொது ஏட்டுக்குப் பெயர்க்கப்பட்டதன் பலனை, டாக்டராக விரும்பிப் பரீட்சை எழுதுகிற ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையின் வீட்டிலும் இன்றைக்குக் காணலாம். ஆயினும் ஏட்டில் ஒரு விஷயம் எவர் பெயரில் இருக்கிறது என்பது பாதிக் கதையே. அதற்குச் செலவழிக்கிற காசு எவர் பெட்டியில் இருக்கிறது, அந்தப் பெட்டியின் சாவி எவர் மடியில் இருக்கிறது என்பதே மீதிக் கதை. அரசியல் நிர்ணய சபையில் இதைக் கண்டு சொன்னவர் நம்மவரான கே. சந்தானம்: ஜனங்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கக்கூடக் கையில் காசில்லை என்று ராஜ்யங்கள் டில்லியின் வாசலில் போய் நிற்கும்படியான சாசனத்தை எழுதிவிடாதீர்கள் என்பது அவர் செய்த எச்சரிக்கையின் சாரம். அவரே பிற்பாடு இரண்டாவது நிதிக் கமிஷனுக்குத் தலைமை வகித்து, வாசலில் நின்றவர்களுக்கு அளந்து போடுகிற உத்தியோகத்தையும் பார்க்க நேர்ந்தது விதியின் விளையாட்டு.

சென்னைக்கும் டில்லிக்கும் காசு விஷயத்தில் நடக்கிற வழக்கு சுதந்திரத்துக்கு முந்தியது. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்த கையோடு, மாகாணங்கள் மத்திய சர்க்காருக்கு வருஷந்தோறும் எவ்வளவு செலுத்த வேண்டும் என்று 1920-ல் மெஸ்டன் பிரபுவின் கமிட்டி ஒரு தீர்ப்பு எழுதியது. மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணத்தின் தலையில் விழுந்தது 348 லட்சம். பம்பாய்க்கு 56 லட்சம். வங்காளத்துக்கு 63 லட்சம். மூன்றிலொரு பங்குக்கும் மேலான பாரத்தைத் தெற்கே ஒரு மாகாணத்தின் முதுகில் ஏற்றிவிட்டார்களே என்று அன்றைய நீதிக் கட்சி மந்திரிகள் வருஷம் தவறாமல் முறையிட்டு, அந்தக் கப்பம் இருபதுகளின் இறுதியில்தான் ஒழிந்தது. பிறகு 1935-ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டம் வந்தது. அதன் மாகாண ஜாபிதாவில் 48-வது இனமாக, சரக்கு விற்பனைமீதும் விளம்பரங்கள்மீதும் வரி என்று ஒரு சிறு வாசகம் கிடந்தது. விளம்பரத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருந்ததிலிருந்தே, எழுதியவர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

மதித்தவர் ராஜாஜி. 1937 ஜூலையில் சென்னையின் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்ற அவர், மூன்று மாதம் நிறைவதற்குள், அக்டோபர் முதல் தேதி, தம் சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்து சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று அதை விரித்துக்கொண்டு போனார். கள்ளுக்கும் சாராயத்துக்கும் வாங்கிய வரியோ அந்நாளில் நிலவரிக்கு அடுத்தபடியாக மாகாண கஜானாவைத் தாங்கிய தூண். ஒரு தூணைப் பிடுங்கினால் இன்னொன்றை நட வேண்டுமே என்று தேடியவரின் கண்ணில் அந்த 48-வது இனம் பட்டது. 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. மத்திய மாகாணம் அதற்கு முந்தின வருஷமே பெட்ரோல் விற்பனைக்கு வரி போட்டிருந்தது உண்மை. ஆனால் சகல சரக்குக்கும் பொதுவாக, கடைக்காரனின் மொத்த விற்பனையைக் கணக்கிட்டு வரி வாங்குகிற முறையை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டுவந்தது சென்னைதான். விகிதம் அற்பம், நூற்றுக்கு அரை ரூபாய். எதிர்ப்பு அற்பமாக இல்லை. பேரேட்டையும் சிட்டையையும் சர்க்கார் குமாஸ்தாவிடம் காட்டுவதா என்று வியாபாரிகள் கொதித்தார்கள். ஏழை வாங்குகிற உப்பு புளி வரைக்கும் கைநீட்டுகிறாரே என்று எதிர்க்கட்சியார் ஏசினார்கள்.

ஏசினார்களே, அதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம் என்று நான் நினைக்கிறேன். வரி போடும் அதிகாரம் என்பது வசவு வாங்கும் அதிகாரமும்கூட. எதற்காகப் போட்டார், எவர் போட்டார், பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் எவரை இறக்க வேண்டும் என்று சேலத்துக் கடைத்தெருவில் தராசு பிடிப்பவனுக்குக்கூடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இன்ன காரியம் நடக்க வேண்டும், அதற்கு இன்ன வரி கொடுங்கள் என்று கேட்பவரும், கொடுப்பவரும், நடந்ததா என்று பார்ப்பவரும் ஒரே ஊரின் எல்லைக்குள் இருந்தார்கள். சமஷ்டி தத்துவத்துக்கு எத்தனையோ பண்டிதர்கள் எத்தனையோ வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் அகப்படவில்லை.

புதிய வரிக்கு டில்லியிலிருந்து ஆபத்து வரத் தாமதமாகவில்லை. கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் தாமே ஆட்டித் தாமே விற்ற ஒரு வியாபாரக் கம்பெனியார், உற்பத்தி செய்தவனே முதல் முதலாக விற்கிற சரக்குக்கு வரி போட்டால் அது விற்பனை வரி ஆகாது, மத்திய சர்க்காருக்கு மட்டுமே உரிய உற்பத்தித் தீர்வைதான் ஆகும் என்று வழக்காடினார்கள். வழக்கு பெடரல் கோர்ட்டுக்குப் போயிற்று. செக்கிலிருந்து எண்ணெய் இறங்குகிற கணம் ஒன்று, அதை விலைக்கு அளந்து கொடுக்கிற கணம் வேறொன்று. முதல் கணத்தில் விழுகிற வரி டில்லிக்கு, இரண்டாவது கணத்தில் விழுகிற வரி மாகாணத்துக்கு என்ற தர்க்கத்தால் 1942-ல் அந்தக் கோர்ட்டு சென்னையின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு குடம் கடலை எண்ணெயில் இரண்டு சர்க்கார்களின் எல்லைக்கல்லைக் கண்டு நட்ட அந்த நீதிபதிகளின் நுட்பத்தை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு.

அதன்பின் அந்த வரிக்கு வளர்ச்சிதான். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதிலும் மதுக்கடைகளை மூடத் துணிந்ததற்கு முதுகெலும்பாக நின்றது அதுவே. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சென்னையைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. சில பத்தாண்டுகளில் ராஜ்யங்கள் தாமாக விதிக்கிற வரிகளில் எல்லாவற்றிலும் பெரியதாக அது தலையெடுத்தது. அதன் குற்றங்களையும் சொல்லத்தான் வேண்டும். வரிமேல் வரி ஏறியது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் விகிதம் மாறியது. ‘பில் போடவா, வேண்டாமா?’ என்ற கேள்வி ஒரு தலைமுறையின் வியாபார நீதியாகவே ஆயிற்று. எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் இரவெல்லாம் நின்றன. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்து அந்தச் சாவடிகள் மூடப்பட்டபோது லாரிக்காரர்கள் விட்ட நிம்மதிப் பெருமூச்சில் பொய் ஏதும் இல்லை. தேசம் முழுவதும் ஒரே சந்தை ஆக வேண்டும் என்ற ஆசையில் குற்றம் காண்பவனும் அல்லன் நான்.

சந்தையை ஒன்றாக்குவதற்கு ராஜ்யங்கள் எதை விலையாகக் கொடுத்தன என்பதே என் கேள்வி. 101-வது திருத்தத்தை 2016 ஆகஸ்டில் ராஜ்யசபை நிறைவேற்றியபோது, தமிழ்நாட்டை ஆண்டுகொண்டிருந்த அண்ணா தி.மு.க.வின் உறுப்பினர்கள் எழுந்து வெளியேறினார்கள். மற்றவர்கள் அனைவரும் கைதூக்கினார்கள். அன்று உண்டான ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய சர்க்காரின் வாக்குக்கு மூன்றிலொரு பங்கு எடை. எல்லா ராஜ்யங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்: காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சகல ராஜ்யங்களும் ஒரு மனதாகச் சேர்ந்தாலும் டில்லியின் சம்மதமில்லாமல் ஓர் ஊறுகாய்ப் பாட்டிலின் வரியைக்கூட மாற்ற முடியாது, டில்லியோ, ராஜ்யங்களின் எடையில் எட்டில் ஐந்து பங்கைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டால் மற்றவர்களின் ஆட்சேபத்தைத் தாண்டிப் போய்விடலாம். பெரும்பாலான காரியங்கள் வாக்கெடுப்பில்லாமல் சமரசமாகவே முடிகின்றன என்பது மெய். முதல் வாக்கெடுப்பு நடந்ததே 2019 டிசம்பரில்தான். அதற்குப் பாத்திரமான விஷயம் லாட்டரிச் சீட்டு என்பதில் ஏதோ பொருத்தம் இருக்கிறது. ஆனால் சமரசம் என்பது, ஒருவன் கையில் மட்டும் தடி இருக்கும்போது ஏற்படுகிற சமரசமாகவும் இருக்கலாம் அல்லவா? 2025-ல் வரி விகிதங்களைக் குறைக்கப்போவதாகத் தேசத்துக்கு முதலில் அறிவித்தது ஆகஸ்டு 15-ஆம் தேதி செங்கோட்டையிலிருந்து பிரதம மந்திரி. ராஜ்யங்களின் நிதி மந்திரிகள் கவுன்சிலில் கூடி அதைத் தீர்மானித்தது செப்டம்பரில். கல்யாணப் பத்திரிகை அச்சாகி ஊருக்கெல்லாம் போன பிறகு பெண் வீட்டாரிடம் சம்மதம் கேட்பது போல.

முதல் ஐந்து வருஷங்களுக்கு ராஜ்யங்களின் வருமானம் வருஷத்துக்கு 14 சதவிகிதம் வளர்வதாகக் கொண்டு, குறைவதை நஷ்ட ஈடாக ஈடுசெய்வோம் என்று சட்டமே செய்து கொடுத்திருந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தது. நிதி மந்திரி அதைத் தெய்வச் செயல் என்று வர்ணித்தார். நஷ்ட ஈட்டுக்குப் பதிலாகக் கடன் வாங்கிக்கொள்ளும் யோசனை ராஜ்யங்களின் முன் வைக்கப்பட்டது. கடைசியில் மத்திய சர்க்காரே கடன் வாங்கி, முதல் வருஷம் 1.10 லட்சம் கோடியும் அடுத்த வருஷம் 1.59 லட்சம் கோடியும் ராஜ்யங்களுக்குக் கைமாற்றிக் கொடுத்தது. கொடுத்தது உண்மை, மறுப்பதற்கில்லை. எனினும் 1939-ல் தன் வரியைத் தானே போட்டுக்கொண்ட ஒரு சர்க்கார், தனக்குச் சேர வேண்டியதற்காகக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதிக் காத்திருந்த அந்த மாதங்களில், சந்தானத்தின் எச்சரிக்கை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. 2022 ஜூன் 30-ஆம் தேதியோடு அந்த ஐந்து வருஷ வாக்குறுதியும் காலாவதியாகிவிட்டது.

இனி ராஜ்யத்தின் கையில் தானாக விகிதம் நிர்ணயிக்கத்தக்க பெரிய வரிகளாக எஞ்சியிருப்பவை எவை? பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு, வாகனம், அப்புறம் மது. புதிய வரியின் எல்லைக்கு வெளியே மதுவை வைப்பதாகச் சாசனத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மதுவிலக்கை 1971-ல் தளர்த்தி, மீண்டும் விதித்து, மீண்டும் தளர்த்தி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்தத் தொடங்கிய நம் ராஜ்யத்தின் சரித்திரம் எல்லோரும் அறிந்தது. அதற்கு டில்லியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கள்ளுக்கடையை மூடுவதற்காக ராஜாஜி கண்டெடுத்த வரியை நாம் கொடுத்துவிட்டோம். மதுவின் வரி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. கடைகளைக் குறைக்க வேண்டுமென்று மனதார விரும்புகிற ஒரு முதல் மந்திரி நாளைக்கு வந்தாலும், நஷ்டத்துக்கு ஈடாக அவர் கையிலெடுக்கக்கூடிய 48-வது இனம் இன்றைக்கு இல்லை.

வரி போடும் கை ஒடுங்கிய பின், பங்கு வாங்கும் கையாவது நிறைய வேண்டும். அங்கேயும் ஒரு பழைய வித்தை நடக்கிறது. கம்பெனிகள் செலுத்திய வருமான வரி ஒரு காலத்தில் ராஜ்யங்களோடு பங்கிடப்பட்டது, 1959-ல் அதற்குக் கார்ப்பொரேஷன் வரி என்று வேறு வகுப்பைக் கொடுத்தார்கள், பங்கு போயிற்று. 2000-ல் வந்த 80-வது திருத்தம் மத்திய வரிகள் அனைத்தையும் பொதுக் குவியலில் சேர்க்கச் சொல்லியது. செஸ்ஸும் சர்சார்ஜும் மட்டும் விலக்கு என்றது. பிறகு என்ன, செஸ் வளரத் தொடங்கியது. 2021 பிப்ரவரி நிலவரத்தைப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய சர்க்கார் வாங்கிய தீர்வை 32 ரூபாய் 90 காசு. அதில் ராஜ்யங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் சாலைக்கு, விவசாயத்துக்கு, விசேஷக் கூடுதலுக்கு என்று வெவ்வேறு பெயர்கள் சூட்டப்பட்டுக் குவியலுக்கு வெளியே நின்றவை. மத்திய வரிகளில் 41 சதவிகிதம் ராஜ்யங்களுக்கு என்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் சொன்னபோது, அந்த 41 எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்று கேட்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்பேர்.

அந்தக் குவியலில் தமிழ்நாட்டுக்கு அதே கமிஷன் அளந்த பங்கு 4.079 சதவிகிதம். இதை வைத்துக்கொண்டு பீகாரைப் பகைக்கிற பேச்சு சமீப காலத்தில் அதிகமாகியிருக்கிறது. அது எனக்கு உவப்பில்லை. ஏழை ராஜ்யத்துக்கு வசதியுள்ள ராஜ்யம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பதற்குத்தான் ஒரு தேசம். கொடுப்பவனும் வாங்குபவனும் சேர்ந்து, குவியலை மறைக்கிற கையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பலமான மத்திய சர்க்கார் இல்லாவிட்டால் தேசம் சிதறிவிடும் என்ற பயமும் பிரிவினை ரத்தம் உலராத 1947-ல் நியாயமாக இருந்தது. இன்றைக்கு அதே பயத்தைச் சொல்லி இட்லியின் வரியை டில்லியில் நிர்ணயிப்பதுதான் விசித்திரம். கனடாவில் க்யூபெக் மாகாணம் தன் விற்பனை வரியைத் தானே விதிப்பதோடு, தன் எல்லைக்குள் மத்திய சர்க்காருக்குரிய சரக்கு சேவை வரியையும் பெரும்பாலும் தானே வசூலித்து அனுப்புகிறது. அதே தேசத்தில் ஆல்பர்ட்டா, மாகாண விற்பனை வரியே வேண்டாம் என்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மத்திய சர்க்கார் வசூலிக்கிற சரக்கு சேவை வரி முழுவதும் ராஜ்யங்களுக்கே போய்ச் சேருகிறது. இரண்டு தேசங்களும் சிதறிவிடவில்லை.

கவுன்சிலின் சிபாரிசுகள் சட்டசபைகளைக் கட்டுப்படுத்துபவை அல்ல, அவை யோசனைகளே என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 மே மாதத்தில் சொல்லிவிட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது. சங்கிலித் தொடராகக் கோக்கப்பட்ட ஒரு வரியில் தனியாக ஒரு ராஜ்யம் விலகி நடந்தால் அதன் வியாபாரிகள்தான் இடறி விழுவார்கள் என்ற அச்சத்தால் எவரும் அதில் நுழையவில்லை. ஆகையால் கவுன்சிலிலேயே கேட்க வேண்டும்: தனக்குரிய பாதி வரியை, குறிப்பிட்ட ஒரு வரம்புக்குள், ஏற்றவோ இறக்கவோ ஒவ்வொரு சட்டசபைக்கும் சுதந்திரம் வேண்டும் என்று. பார்லிமெண்டிலும் கேட்க வேண்டும்: செஸ்ஸும் சர்சார்ஜும் ஓர் அளவைத் தாண்டினால் தாண்டிய பகுதி பொதுக் குவியலில் விழ வேண்டும் என்று. 1969-ல் நியமிக்கப்பட்ட ராஜமன்னார் கமிட்டியிலிருந்து 2025-ல் நியமிக்கப்பட்ட குரியன் ஜோசப் கமிட்டி வரை அறிக்கைகளுக்கும் ஆராய்ச்சிகளுக்கும் இந்த ராஜ்யத்தில் குறைவிருந்ததில்லை. ராஜமன்னாரோ தாமே ஒரு நிதிக் கமிஷனுக்குத் தலைவராக இருந்து கணக்கின் உள்ளும் புறமும் கண்டவர். குறை இருப்பதெல்லாம், டில்லிக்குப் போகிற நம் பிரதிநிதிகள் கட்சி பார்க்காமல் ஒரே குரலில் கேட்பதில்தான்.

கட்சி பார்க்க வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கடலை எண்ணெய்த் தீர்ப்பை ஏற்க மனமில்லாத டில்லி, அந்த விற்பனை வரியை எதிர்த்து லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிற்று. அப்போது ராஜாஜியும் பதவியில் இல்லை, சட்டசபையும் நடக்கவில்லை; சென்னை மாகாணம் ஆர்தர் ஹோப் என்ற ஆங்கிலேயக் கவர்னரின் நேரடி ஆட்சியில் இருந்தது. வழக்காடிய கவர்னர் ஜெனரலும் ஆங்கிலேயர். ஆயினும் மாகாணத்தின் வரி மாகாணத்துக்கே என்று சென்னை சர்க்கார் விட்டுக்கொடுக்காமல் எதிர்வாதம் செய்தது, 1945-ல் ஜெயித்தது.